இல்லத்து விளக்கின் நிறம்

முன்னுரை

விளக்கு எரிகின்றதா என்று வினவுவார் பலர். அஃது எந்நிறத்து ஒளியைத் தருகின்றது என்று வினவுவார் மிகச் சிலர். மதுரை மாநகரில் அந்திப்பொழுதில் மாசி வீதிகளின் வழியே நடந்து, இருமருங்கும் உள்ள வீடுகளின் சாளரங்களை அண்ணாந்து நோக்குவோமாயின், ஒரு வீட்டின் ஒளி பொன்னிறமாகவும், அடுத்த வீட்டின் ஒளி பால்வெண்மையாகவும், அதற்கடுத்ததன் ஒளி நீலம் படர்ந்த வெண்மையாகவும் தோன்றுதல் காணலாம். உள்ளே இருப்பவர்க்கோ இவ்வேறுபாடு தோன்றுவதில்லை. கண்ணானது தான் இருக்கும் ஒளிக்கு விரைவிற் பழகி, எவ்விளக்கின் கீழும் வெள்ளைத் தாளை வெள்ளையென்றே காட்டிவிடுகின்றது. ஆதலின், சுவருக்கு நிறந்தேர ஒரு கிழமை ஆராயும் நாம், அச்சுவரை நமக்குக் காட்டும் விளக்கின் நிறத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே ஏற்றுக்கொள்கின்றோம். விளக்கின் நிறம் எண்ணால் எங்ஙனம் குறிக்கப்படுகின்றது என்பதையும், இல்லத்தின் எவ்விடத்திற்கு எந்நிறம் தக்கது என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

முன்னோர் விளக்குகள்

இடத்திற்கேற்ற விளக்கு என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் மூவேறு இடங்களில் மூவகை விளக்குகளை வைத்துக் காட்டுகின்றார். மழை மூட்டத்தாற் பொழுது தெரியாத மாலையில், பிச்சியரும்பு மலர்தலைக் கொண்டு அந்தியை உணர்ந்த மூதூர் மகளிர் ஏற்றுவது இரும்பினாற் செய்த விளக்கு. அரண்மனையில் ஒளிர்வது, யவனர் செய்த பாவை தன் கையில் ஏந்திய அகல். பாசறையில், வாடைக்காற்றிற்குச் சுடர் தெற்கே சாய எரிவது பாண்டில் விளக்கு. இவற்றின் வடிவு வேறு, இடம் வேறு. ஒளியின் நிறமோ ஒன்றே. நெய்யும் எண்ணெயும் எரிந்து தரும் ஒளி என்றும் பொன்னிறத்ததே. நிறத்தைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அம்மகளிர்க்கு வாய்த்திலது; நமக்கு வாய்த்துள்ளது.

நிறத்தை அளக்கும் எண்

கொல்லன் உலைக்களத்தில் இரும்பைக் காய்ச்சுங்கால், அது முதலிற் கருஞ்சிவப்பாகவும், பின்னர்ச் செம்மஞ்சளாகவும், மேலும் காய்ந்தவழி மஞ்சளாகவும் வெண்மையாகவும் ஒளிர்தலைக் கண்டிருப்போம். காயும் பொருளின் வெப்பநிலை உயர உயர, அதன் ஒளி செம்மையினின்று நீங்கி வெண்மையையும் நீலத்தையும் நோக்கிச் செல்லும். இவ்வியல்பைக் கொண்டே ஒளியின் நிறத்தை ஒரு வெப்பநிலையாற் குறிக்கும் வழக்கம் எழுந்தது. இதனை நிறவெப்பநிலை என்பர். இதன் அலகு, வில்லியம் தாம்சன் என்னும் இயற்பெயருடைய கெல்வின் பிரபு (1824-1907) பெயரால் வழங்கும் கெல்வின் ஆகும்.

அகல்விளக்கு, மெழுகுவத்தி ஆகியவற்றின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். கம்பியிழை காய்ந்து ஒளிதரும் பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2700 கெல்வின். நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500 கெல்வின். முகில் மூடிய வானத்தின் ஒளி ஏறத்தாழ 6500 கெல்வின். கடையில் நாம் வாங்கும் விளக்கின் அட்டைப்பெட்டியில் 2700, 3000, 4000, 6500 என்பன போன்ற ஓர் எண்ணும், அதனை அடுத்துக் 'கே' என்னும் ஆங்கில எழுத்தும் அச்சிடப்பட்டிருக்கும். 'வார்ம் ஒயிட்' என்பது நாம் மஞ்சள் பல்பு என்பது. 'கூல் டேலைட்' என்பது வெள்ளை பல்பு என்பது. எண் சிறிதாயின் மஞ்சள், பெரிதாயின் வெண்மை என்று நினைவிற்கொள்ளல் போதும்.

எல்.இ.டி. விளக்கு உண்மையில் அத்துணை வெப்பத்திற் காய்வதன்று. அதனுள் நீல ஒளி உமிழும் சிறு சில்லு ஒன்று உளது. அதன்மேற் பூசிய பொருள் அந்நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாகவும் சிவப்பாகவும் மாற்ற, இரண்டுங் கலந்து வெள்ளொளி பிறக்கின்றது. மாற்றம் மிகுந்தால் ஒளி மஞ்சள். நீலம் மிகுதியும் எஞ்சினால் ஒளி குளிர்வெண்மை. இந்நீலச் சில்லை ஆக்கித் தந்தமைக்காக இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நகமுரா என்னும் மூவர்க்கும் 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. மறு ஆண்டாகிய 2015இல் இந்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வாயிலாக மட்டும் 36 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்களைச் சென்றடைந்தன.

வெம்மை பற்றிய மயக்கம்

நம் நாட்டுச் சமவெளியில் மஞ்சள் விளக்கை விரும்புவார் குறைவு. 'மஞ்சள் பல்பு சூடு. வெள்ளை விளக்கே குளிர்ச்சி' என்பது மேலூரிலும் திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் ஒருங்கே கேட்கப்படும் சொல். சித்திரை வெயிலிற் காய்ந்த வீட்டினுள் மேலும் ஒரு வெம்மையை யார்தாம் விரும்புவர்! இக்கருத்துப் பழைய பல்பைப் பொறுத்தவரை உண்மையே. 60 வாட் குண்டு பல்பு தான் கொண்ட மின்னாற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கையே ஒளியாக்கிற்று, எஞ்சியது வெப்பமாயிற்று. பின்னர் வந்த டியூப்லைட்டு வெண்மையான ஒளியோடு வெம்மைக் குறைவையும் கொணர்ந்தது. அதனால், மஞ்சள் பழைமைக்கும் வெண்மை முன்னேற்றத்திற்கும் அடையாளமாக மனத்திற் பதிந்தன.

ஆயின், எல்.இ.டி. வந்தபின் அக்காரணம் நீங்கிற்று. 9 வாட் மஞ்சள் விளக்கும் 9 வாட் வெள்ளை விளக்கும் அறைக்குத் தரும் வெப்பம் ஒன்றே. வெள்ளை சிறிது மிகுதியான ஒளியைத் தரும், அவ்வளவே வேறுபாடு. காரணம் நீங்கியபின்னும் அச்சம் மட்டும் நீங்காமையால், இன்றும் பல இல்லங்களில் வாயில் முதற் படுக்கை ஈறாக 6500 கெல்வின் விளக்கு ஒன்றே எரிகின்றது. இவ்வழக்கத்தையே யாம் மறுக்கின்றோம், வெள்ளை விளக்கையன்று.

எவ்விடத்திற்கு எந்நிறம்

தெரிந்துகொள்ளுதற்கு உதவும் பொதுவிதி ஒன்றுண்டு. ஹாலந்து நாட்டு இயற்பியலாளர் குருய்தோஃப் என்பார் 1941ஆம் ஆண்டில், ஒளி குறைந்த இடத்தில் மஞ்சள் சார்ந்த விளக்கும், ஒளி மிகுந்த இடத்தில் வெண்மை சார்ந்த விளக்கும் கண்ணுக்கு இனியன என்று கூறினார். பிற்கால ஆராய்ச்சிகள் அவர் வரையறையை முழுதும் ஏற்றில. எனினும் வழிகாட்டியாகக் கொள்ளத்தக்கது. மங்கலான நீலவெண்மை அறையைச் சோர்வுடையதாகக் காட்டுதல் நம் அனுபவத்திலும் கண்டதே.

வாயிலும் திண்ணையும்: 2700 முதல் 3000 கெல்வின் தக்கது. பூச்சிகள் நீலமும் புறவூதாவும் மிகுந்த ஒளியையே பெரிதும் நாடும். ஐப்பசி மழைக்குப்பின் ஈசல் புறப்படும் மாலையில் இதன் பயன் விளங்கும். மஞ்சள் விளக்கு அவற்றை அறவே தடுக்காது, குறைக்கும்.

கூடம்: விருந்தினர் அமர்தலும் குழந்தைகள் ஆடுதலும் பெரியோர் செய்தித்தாள் பார்த்தலும் ஓரிடத்தே நிகழ்வதால், 3000 முதல் 4000 கெல்வின் நன்று. சுவரின் நிறத்தையும் ஈண்டு நோக்கல் வேண்டும். பச்சைச் சுவரிற் பட்டு மீளும் குளிர்வெண்மை, அமர்ந்திருப்பார் முகத்தை நோயுற்றார் முகம்போலக் காட்டும்.

வழிபாட்டிடம்: எங்குச் சுடர் ஏற்றப்படுகின்றதோ அங்குச் சுடரின் நிறத்தோடு மாறுபடாத 2700 கெல்வினே உரியது. வன்மையான வெள்ளொளியின் நடுவே 1900 கெல்வின் சுடர் பொலிவிழந்து நிற்கும்.

சமையலறை: அரிசியிற் கல்லும், கீரையிற் புழுவும், மீனின் செவுளிற் செம்மையும் தெரிதல் வேண்டும். 4000 கெல்வின் பொருந்தும். விளக்கு சமைப்பவர் முதுகுக்குப் பின்னே இருப்பின் அவர்தம் நிழலே அரிவாள்மணையின்மேல் விழும். ஆதலின் அது மேடைக்கு நேர்மேலே இருத்தல் வேண்டும்.

படிப்பிடம்: 4000 முதல் 5000 கெல்வின் ஏற்றது. நிறத்தினும் அளவே இங்கு முதன்மையானது. நூலின்மேல் 300 முதல் 500 லக்ஸ் ஒளி விழுதல் நன்று. நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்பதை எண்ணின் இது பெரிதன்று; எனினும் கூரையிற் பதித்த ஒற்றை விளக்கு இதனைத் தருவது அரிது. மேசை விளக்கு ஒன்று வேண்டும்.

படுக்கையறை: இங்கு நிறம் அழகைப் பற்றியதன்று, உடல்நலத்தைப் பற்றியது. விழித்திரையில், உருவைக் காண்பதற்கன்றிப் பகலிரவை உணர்வதற்கென்றே அமைந்த சில செல்கள் உள என்பதை 2002ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. அவை 480 நானோமீட்டர் அளவினதாகிய நீல ஒளிக்கே மிகுதியும் கிளர்ச்சியுறும். இரவில் அவ்வொளி படின், உறக்கத்திற்கு உடலை ஆயத்தஞ்செய்யும் மெலட்டோனின் சுரத்தல் தடைப்படும். ஆதலின், 2700 கெல்வினுக்கு மிகாத, ஒளி குறைந்த விளக்கே படுக்கையறைக்கு உரியது. முதியோரைத் தனியே கருதல் வேண்டும். அகவை ஏற ஏறக் கண்வில்லை மஞ்சளித்து, மணியும் சுருங்குதலால், அறுபது அகவையினர் விழித்திரையை இருபது அகவையினர் பெறுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளியே அடைகின்றது. பகலில் அவர்க்கு மிகுந்த ஒளி வேண்டும். இரவிலோ, எழுந்து நடக்கும் வழியில் தரையை ஒட்டி ஒரு சிறு மஞ்சள் விளக்கு வேண்டும். அஃது அவர் உறக்கத்தைக் கெடாது, இடறி வீழாமற் காக்கும்.

நிறம் காட்டும் தன்மை

நிறவெப்பநிலை ஒன்றே அறிந்தாற் போதாது. கோட்டைமதிலை இடித்து மதுரையை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக எழுந்த விளக்குத்தூணைச் சூழத் துணிக்கடைகள் நிறைந்துள்ளன. அங்குச் சுங்குடிச் சேலை வாங்கவரும் தாய்மார், அதனைக் கடையின் விளக்கொளியில் மட்டும் கண்டு மனநிறைவு கொள்வதில்லை. வாயிலுக்குக் கொணர்ந்து வெயிலில் விரித்துப் பார்ப்பர். இஃது அறிவியலோடு ஒத்த செயலே. ஒரே 4000 கெல்வின் உடைய இரு விளக்குகளில் ஒன்று அரக்கு நிறத்தை அரக்காகவும், மற்றொன்று மங்கிய பழுப்பாகவும் காட்டக்கூடும். பொருள்களின் நிறத்தை உள்ளவாறு காட்டும் தன்மைக்கு 100ஐ உச்சமாகக் கொண்ட தனி எண் ஒன்று உண்டு. பெட்டியில் அது 'சி.ஆர்.ஐ.' எனப் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 100 பெற்றது. எல்.இ.டி. விளக்குகள் பல 80 அளவினவே. சமையலறைக்கும், கண்ணாடி முன்னும், நூலும் துணியும் பிரிக்கும் இடத்திற்கும் 90க்குக் குறையாதது வாங்கல் வேண்டும்.

ஓரறை இல்லம்

இதுகாறும் கூறியவை பல அறைகள் உடையார்க்கே உரியன அல்லவோ என்று வினவுதல் கூடும். இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. நம் நகரத்துச் சந்துகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் ஓரறையே சமையலறையும் படிப்பறையும் படுக்கையறையுமாய் அமைந்த இல்லங்கள் எத்துணையோ உள. அங்கே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், விடியலில் வேலைக்குச் செல்லும் தந்தையும், உறக்கம் வாராத பாட்டியும் ஒரே விளக்கின் கீழ் இருக்கின்றனர். ஒருவர்க்கு வேண்டும் ஒளி மற்றொருவர்க்கு இடையூறாகின்றது.

இத்தகைய இல்லத்தில் இடத்தைப் பிரித்தல் இயலாது. பொழுதைப் பிரித்தல் இயலும். ஒன்றற்கு ஈடாக இரு விளக்குகள் போதும். அந்தி முதல் உணவு முடியும்வரை 4000 கெல்வின் வெள்ளை விளக்கு எரிக. அதன்பின் அதனை அணைத்து, 2700 கெல்வின் உடைய சிறு மஞ்சள் விளக்கை ஏற்றுக. படிக்கும் பிள்ளைக்கு, நூலின்மேல் மட்டும் ஒளி விழுமாறு கவிகையுடைய மேசை விளக்கு ஒன்று, அதுவும் மஞ்சளாக, அமைக. மின்பொத்தானை அணைத்து மீண்டும் அழுத்துந்தோறும் வெண்மை, இளமஞ்சள், மஞ்சள் என மாறும் ஒற்றை விளக்குகளும் இன்று கடைகளிற் கிடைக்கின்றன. கூரையில் ஓர் இணைப்பே உடையார்க்கு அவை ஏற்றன. அகன்ற மாளிகையினும் இவ்வோரறை இல்லத்திற்கே விளக்கின் நிறம் மிகுதியும் இன்றியமையாதது என்பது எம் கருத்து. ஏனெனில், மாளிகையில் தவறான விளக்கிற்கு அஞ்சியவர் வேறறை செல்லலாம், இங்கு அதற்கு இடமில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மஞ்சள் விளக்கு வெம்மையுடைத்து என்னும் பழைய அச்சம் இக்காலத்து விளக்குகட்குப் பொருந்தாதென்பதும், தொழில் செய்யும் இடத்திற்கு வெண்மையும் ஓய்வுகொள்ளும் இடத்திற்கு மஞ்சளும் தக்கன என்பதும், நிறம் பிரித்தறியும் இடத்திற்குச் சி.ஆர்.ஐ. எண்ணும் வேண்டும் என்பதும், அறை ஒன்றேயாயினும் பொழுதால் அதனைப் பகுத்துக்கொள்ளலாம் என்பதும் பெறப்பட்டன. அடுத்த முறை விளக்கு வாங்கச் செல்லுங்கால், பெட்டியின் ஒருபுறத்தே பொறித்த அச்சிறு எண்ணைப் படித்து, இஃது எவ்விடத்திற்கு, எப்பொழுதிற்கு, இல்லத்தில் யாருக்கு என எண்ணி வாங்குவோமாக.