பெட்டியா, அச்சா, லேசான கல்லா?

சிங்கப்பூரில் கிளமெண்ட் கேனப்பியைப் பார்த்துவிட்டு வந்த மேம்பாட்டாளர் ஒருவர், "நம்ம தாமான்லயும் இப்படிப் பெட்டி பெட்டியா ஏத்திரலாமாண்ணே?" என்று என்னிடம் கேட்டார். அவர் கட்டப்போவது கூலாய் பக்கம் இரண்டு மாடித் தொடர்வீடுகள். அவர் பார்த்ததோ 2019-ல் முடிந்த 40 மாடி இரட்டைக் கோபுரம். அதன் அறைகளாகும் கான்கிரீட் பெட்டிகள் நம் செனாயில்தான் வார்க்கப்பட்டன. துவாஸில் உள்வேலை முடிந்து சைட்டுக்குப் போயின. ஒவ்வொன்றும் 26 முதல் 31 டன். அந்த எடையைத் தூக்கும் கிரேனின் வாடகையை நாற்பது மாடிக்குப் பங்கு போடலாம், இரண்டு மாடிக்கு முடியாது. சிங்கப்பூரில் ஆள் கிடைப்பது அருமை. அரசு விற்கும் சில நிலங்களில் 2014 முதல் இந்த முறை கட்டாயமும்கூட. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. உயரமான ஹோட்டலோ தொழிலாளர் விடுதியோ கட்டுவதானால் பெட்டியை யோசிக்கலாம். தாமானுக்கு வேண்டாம்.

ஐ.பி.எஸ். எனப்படும் தொழில்மயக் கட்டுமான முறை என்றாலே தொழிற்சாலையில் வார்த்த பலகைதான் என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். 2008-ல் அரசாங்கத் திட்டங்களுக்குக் குறைந்தது 70 ஐ.பி.எஸ். புள்ளி வேண்டும் என்று சொன்னதிலிருந்து இந்தக் குழப்பம் ஓயவில்லை. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் வகைப்பாட்டில் பார்ம்வொர்க் என்னும் வார்ப்பு அச்சும் உண்டு. இரும்புச் சட்டமும் மரச் சட்டமும் கற்கட்டும்கூட உண்டு. ஆகவே புள்ளி உங்களுக்காகத் தேர்வு செய்து தராது.

நான் முதலில் மண் அறிக்கையைக் கேட்பேன். கூலாய், ஸ்கூடாய் பக்கம் பெரும்பாலும் செம்மண் மேடு. பொந்தியானில் அன்னாசி விளையும் கரி மண். பத்து பஹாட்டில் கடற்களிமண். மென்மண்ணை ஆராயவே அங்குள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழகம் தனி மையம் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் சுவரில் கூடும் ஒவ்வொரு டன்னும் பைலிங் செலவாக வந்து நிற்கும். ஏ.ஏ.சி. எனப்படும் லேசான கல்லின் எடை, அதே கன அளவுள்ள செங்கல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கல்லின் விலையை மட்டும் ஒப்பிட்டு "செங்கல் மலிவு" என்று எழுதும் மதிப்பீட்டாளர் பைல் கணக்கைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அலுமினியம் பார்ம்வொர்க்கின் பலம் திரும்பத் திரும்ப வார்ப்பதில் இருக்கிறது. பிளைவுட் ஏழெட்டு முறையில் நைந்துவிடும். அலுமினிய அச்சு நூறு முறைக்கு மேல் தாங்கும். ஒரே வரைபடத்தில் இருநூறு வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முப்பது வீடு, அதிலும் நாலு விதம் என்றால் அச்சுக்குப் போட்ட காசு திரும்பாது.

விற்பனை மேசையில் யாரும் வாய் திறக்காத ஒரு விஷயம் உண்டு. சாவி வாங்கிய மூன்றாம் மாதம் நம் ஆள் என்ன செய்வார்? பின்சுவரை உடைத்துச் சமையலறையை நீட்டுவார். சாமி அறைக்கு ஒரு தடுப்பை எடுப்பார். அச்சில் வார்த்த வீட்டில் அந்தச் சுவர்தான் மேல்மாடியைச் சுமந்து நிற்கிறது, உடைக்கக் கூடாது. எந்தச் சுவர் சுமக்கிறது என்று காட்டும் வரைபடத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்காத மேம்பாட்டாளரோடு எனக்கு எப்போதும் சண்டைதான். பின்சுவரை மட்டும் கல்லில் கட்டி, மேலே உத்திரம் கொடுத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

சூட்டையும் பார்க்க வேண்டும். மேற்கு பார்த்த கான்கிரீட் சுவரில் இரவு எட்டு மணிக்குக் கை வைத்தால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். ஏ.ஏ.சி. கல், கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் கடத்தும். ஆனால் அந்தக் கல்லுக்கு மழை ஆகாது. ஒரு டிசம்பரில் எங்கள் சைட்டில் இரண்டு பலகைத்தட்டுக் கற்களை மூடாமல் விட்டுவிட்டார்கள். அப்படியே எடுத்துக் கட்டி, மேலே பூசியும் முடித்தார்கள். பொங்கலுக்குள் சுவர் முழுக்க மயிர்க்கோடு. மறுபடி வந்த சரக்கில் ஒரு கல்லின் மேல் அரைக் குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினேன். கொத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இழுத்துவிட்டது. அன்று முதல் தார்பாய் இல்லாமல் அங்கே கல் இறங்கவில்லை.

முன்வார்ப்புப் பலகைக்கு மூன்று கேள்விகள் போதும். தொழிற்சாலை எவ்வளவு தூரம், நீள லாரி தாமான் வளைவில் திரும்புமா, மூட்டுகளை யார் அடைப்பார்? பலகையில் தண்ணீர் நுழையாது, மூட்டில்தான் நுழையும். அந்த வேலையைத் தினக்கூலிக்கு விடாதீர்கள்.

எந்த முறையில் கட்டினாலும், "பசுமை" என்று உண்மையிலேயே சொல்லிக்கொள்ளும்படி கரியமில வாயு குறையும் இடம் சிமெண்டு. ஒரு டன் கிளிங்கர் சுட்டால் முக்கால் டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. பொந்தியானில் தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. நிலக்கரிச் சாம்பல் நமக்கு அந்நியச் சரக்கல்ல. சிமெண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக அதைச் சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால் சாம்பல் கலந்த கான்கிரீட் மெதுவாகத்தான் இறுகும். அலுமினியம் அச்சுக்காரரோ மறுநாள் காலையே கழற்ற நிற்பார். இரண்டையும் ஒரே சுவரில் திணித்தால் ஒன்று கால அட்டவணை கெடும், இல்லை சுவரின் முனை உடையும். சாம்பலை அடித்தளத்திலும் பைல் தலைப்பிலும் போடுங்கள். அங்கே யாருக்கும் அவசரம் இல்லை. கனமான வார்ப்பில் உள்சூடும் குறையும். ஆர்டர் கொடுக்கும்முன் கான்கிரீட் ஆலையிடம் 28 நாள் முடிவோடு 56 நாள் முடிவையும் கேளுங்கள். அந்த எண் கையில் இல்லாத ஆலை, சாம்பல் கலவையைப் புதிதாகத்தான் தொட்டிருக்கும்.