வரிசையை விடாதே, தம்பி

அன்புள்ள தம்பி,

நெடுஞ்சாலை ஓரத் தாலுகா மருத்துவமனையில் காஷுவாலிட்டி டூட்டி, இரவில் ஒரே டாக்டர் நீதான் என்று எழுதியிருந்தாய். விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்து இறக்கினால் முதலில் எதைப் பார்ப்பது, எதைத் தொடுவது என்றும் கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு எத்தனையோ ஊர்களில் இளம் டாக்டர்கள் இன்று இரவும் டூட்டிக்குப் போகிறார்கள். உனக்கு எழுதும் பதிலை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான்: வரிசையை விடாதே. கண்ணில் படும் காயம் வேறு, உயிரைப் பறிக்கும் காயம் வேறு. கால் எலும்பு வெளியே துருத்தி நிற்பவரைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். அவர் வலி தாங்காமல் அலறுவார். அலறுகிறவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அவரோடு வந்த இன்னொருவர் பக்கத்து ஸ்ட்ரெச்சரில் சத்தமில்லாமல் படுத்திருப்பார். நீ முதலில் போக வேண்டியது அவரிடம்.

இந்த வரிசை எப்படி வந்தது என்று தெரிந்துகொள். 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயல்வெளியில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவருக்குப் பலத்த காயம். சாலையில் வந்த காரை நிறுத்தி, பக்கத்துச் சிறு மருத்துவமனைக்குக் குழந்தைகளைக் கொண்டுபோனார். அங்கே கிடைத்த கவனிப்பின் தரம் அவரை உலுக்கிவிட்டது. எதை முதலில் செய்வது என்று சொல்லித்தர ஒரு முறையே அப்போது இல்லை என்பதை உணர்ந்தார். சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1978இல் நெப்ராஸ்காவின் ஆபர்ன் ஊரில் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதை ஏற்றுக்கொண்டது. ஏ.டி.எல்.எஸ். என்று இன்று உலகமெங்கும் படிப்பது அதைத்தான். சிறிய ஊரில் தனியாக நிற்கும் டாக்டரை மனத்தில் வைத்துப் பிறந்த முறை இது. உன்னைப் போன்றவருக்காகவே பிறந்தது.

ஆள் வந்ததும் பெயரென்ன, என்ன நடந்தது என்று கேள். தெளிவாகப் பதில் சொன்னால் மூச்சுப்பாதை, மூச்சு, மூளை மூன்றும் இந்த நிமிடத்துக்குத் தாங்குகின்றன. கேட்கும்போதே உன் கண் அவர் உடம்பு முழுக்க ஓட வேண்டும். எங்காவது ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்து. காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்து. கையோ காலோ என்றால், அழுத்தியும் நிற்காதபோது டூர்னிகே கட்டு. கட்டிய நேரத்தைப் பக்கத்திலேயே எழுதிவை.

பதில் வராமல் தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் ரத்தமோ வாந்தியோ தேங்கியிருக்கிறது, சக்‌ஷன் போடு. குறட்டைபோல் வந்தால் நாக்கு பின்னால் விழுந்து அடைக்கிறது. தாடையை முன்னால் தூக்கு. தலையைப் பின்னுக்குச் சாய்க்காதே. கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது என்றே எண்ணிக்கொண்டு, ஒருவரைத் தலைமாட்டில் நிறுத்தி அசையாமல் பிடிக்கச் சொல். கிளாஸ்கோ அளவு 8 அல்லது அதற்கும் கீழே இருந்தால் குழாய் போட ஆயத்தமாகு. குழாய் போடக் கை பழகவில்லையென்றால் ஆம்பு பேக்கை ஒழுங்காகப் பிடித்து ஆக்சிஜன் கொடுப்பதில் கவனம் வை. ஆட்களைக் காப்பாற்றியிருக்கிறது அது.

“குடிச்சிருக்கார் சார், அதான் எழுந்திருக்க மாட்டேங்கிறார்” என்று யாராவது சொல்வார்கள். குடித்தவர் தலைக்குள்ளும் ரத்தம் கட்டும். வாடையை வைத்து முடிவு கட்டாதே. சர்க்கரையைப் பார்த்துவிட்டு, தலைக்காயம் இல்லை என்று உறுதியாகும்வரை இருக்கிறது என்றே நடத்து.

அடுத்தது நெஞ்சு. சட்டையைக் கத்தரித்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறி இறங்குகிறதா என்று பார். ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் வை. ஒரு பக்கம் மூச்சொலி குறைந்து, தட்டினால் வெற்று ஒலி கேட்டு, ரத்த அழுத்தமும் விழுந்துகொண்டிருந்தால் காற்று அடைபட்டு நுரையீரலையும் இதயத்தையும் நெருக்குகிறது. எக்ஸ்ரேக்கு அனுப்பாதே, அந்த அறையிலேயே உயிர் போய்விடும். பெரியவர்களுக்கு ஐந்தாம் விலா இடைவெளியில், அக்குள் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசியை இறக்கு. காற்று வெளியேறியதும் நெஞ்சுக் குழாய் போடு.

ரத்த ஓட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இளம் டாக்டரை ஏமாற்றும் இடம் இதுதான். பைக்கிலிருந்து விழுந்த 22 வயதுப் பையன் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். பி.பி. 110 இருக்கும். அவன் கையைப் பிடித்துப் பார். உள்ளங்கை சில்லிட்டு வியர்த்திருக்கிறதா? நாடி 120க்கு மேல் ஓடுகிறதா? மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி சுருங்கிவிட்டதா? தண்ணீர் கேட்டுக்கொண்டே நிலைகொள்ளாமல் புரள்கிறானா? அவன் உள்ளுக்குள் ரத்தம் இழந்துகொண்டிருக்கிறான். 70 கிலோ எடையுள்ள ஆளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் போகும்வரை பி.பி. விழாமல் தாக்குப்பிடிக்கும். அது விழும்போது காலம் கடந்திருக்கும். வயதானவர்கள் சிலர் இதற்கு நேரெதிர்: இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் போனாலும் நாடி வேகமெடுக்காமல் இருக்கலாம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று வீட்டாரிடம் கேட்டுவிடு.

ரத்தம் போகும் இடம் வெளியே ஒன்று, உள்ளே நான்கு: நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை. அல்ட்ராசவுண்ட் இருந்தால் வயிற்றையும் இதயத்தைச் சுற்றியும் பார்க்கச் சில நிமிடம் போதும். இடுப்பெலும்பு முறிந்ததாகச் சந்தேகம் வந்தால் அழுத்தி, ஆட்டிப் பார்க்காதே. கட்டி நின்ற ரத்தம் மறுபடி ஒழுகும். கட்டில் விரிப்பை நீளமாக மடித்து உடம்புக்கு அடியில் செலுத்தி, தொடையெலும்பின் மேல்முனை இரு பக்கமும் புடைத்துத் தெரியும் மட்டத்தில் இறுகக் கட்டு. பலரும் வயிற்றோடு சேர்த்து மேலே கட்டிவிடுகிறார்கள், அது பயன்படாது. முழங்கால்களையும் பாதங்களையும் சேர்த்துக் கட்டிவிடு. ஒரு விரிப்புத் துணியால் ஓர் உயிர் தங்கும்.

இரண்டு கையிலும் தடித்த வென்ஃப்ளான் போடு. ஆனால் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றாதே. இழந்தது ரத்தம்; சலைன் ரத்தத்தின் வேலையைச் செய்யாது. இருக்கும் ரத்தத்தை நீர்த்துப்போகச் செய்யும், உடம்பைக் குளிரவைக்கும். குளிர்ச்சி, ரத்தத்தில் அமிலம் ஏறுவது, ரத்தம் உறையாமல் போவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்து ஆளைக் கொல்லும். வெதுவெதுப்பாக ஒரு லிட்டருக்குள் நிறுத்திக்கொண்டு, ரத்தத்துக்கு ஆளனுப்பு.

டிரனெக்சாமிக் அமிலத்தை மறக்காதே. ஜப்பானைச் சேர்ந்த உட்டாகோ ஒகாமோட்டோவும் அவர் கணவரும் 1960களில் கண்டறிந்த மலிவான மருந்து அது. 40 நாடுகளில் 274 மருத்துவமனைகளில் 20,211 பேரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்து, விபத்து ரத்தப்போக்கில் அது மரணத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் கொடு, அடுத்த ஒரு கிராம் எட்டு மணி நேரத்தில் ஏறட்டும். அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். பிறகு கொடுத்தால் கெடுதல். ஆகவே விபத்து நடந்த நேரத்தை 108இல் வந்தவரிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்.

பிறகு கண்மணிகள், கை கால் அசைவு. தலைக்காயக்காரருக்கு நீ தரக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை ஆக்சிஜனும் பி.பி.யும் விழாமல் பார்த்துக்கொள்வதுதான். கடைசியாக உடைகளை முழுக்க நீக்கு. நான்கு பேராகச் சேர்ந்து கழுத்தும் முதுகும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி புரட்டி முதுகைப் பார். பார்த்ததும் போர்த்திவிடு. குளிரிலிருந்தும் கூட்டத்தின் கண்களிலிருந்தும் அவரைக் காப்பதும் உன் வேலைதான்.

இவ்வளவும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார். நிலைமை எந்தக் கணத்தில் மாறினாலும் மூச்சுப்பாதைக்கே திரும்பு. ஐந்து நிமிடம் முன்னால் சரியாக இருந்தது இப்போதும் சரியாக இருக்கும் என்று நம்பாதே.

தனியாக இருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நீ தனியாக இல்லை. இருபது வருடமாக அந்த வார்டில் இருக்கும் சிஸ்டர் இருக்கிறார், 108 தொழில்நுட்பர் இருக்கிறார், ஸ்ட்ரெச்சர் தள்ளும் அண்ணன் இருக்கிறார். பொதுவாக “யாராவது பி.பி. பாருங்க” என்று கத்தினால் யாரும் பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லி, ஒருவருக்கு ஒரு வேலை கொடு. முடிந்ததும் உன்னிடம் சொல்லச் சொல்.

உன் இடத்தில் அறுவை அரங்கு இல்லையென்றால் ஸ்கேன் எடுத்து நேரத்தைக் கழிக்காதே. ரத்தப்போக்கை உள்ளே போய் நிறுத்தக்கூடிய இடத்துக்கு அனுப்புவதும் சிகிச்சைதான். ஆனால் மூச்சுப்பாதையைச் சரிசெய்யாமலும், நெஞ்சில் அடைபட்ட காற்றை வெளியேற்றாமலும், ரத்தத்தைக் கட்டுப்படுத்தாமலும் வண்டியில் ஏற்றாதே. போகும் மருத்துவமனை டாக்டரை நீயே போனில் அழைத்துச் சொல். டூர்னிகே கட்டிய நேரம், மருந்து கொடுத்த நேரம், கிளாஸ்கோ அளவு மூன்றும் சீட்டில் இருக்கட்டும்.

போலீஸ், கேஸ் என்று யாரேனும் உன்னைத் தயங்கவைத்தால் 1989ஆம் ஆண்டின் பரமானந்த் கட்டாரா வழக்கை நினைத்துக்கொள். அடிபட்ட ஸ்கூட்டர்காரர் ஒருவரை, போலீஸ் வழக்குகளைப் பார்க்க அனுமதி உள்ள தொலைதூர மருத்துவமனைக்குப் போகச் சொல்லித் திருப்பியனுப்ப, அவர் வழியிலேயே இறந்தார் என்ற செய்தியிலிருந்து எழுந்த வழக்கு அது. அரசு மருத்துவரானாலும் தனியார் மருத்துவரானாலும் உயிர் காப்பதே முதல் கடமை, சட்ட நடைமுறை அதற்குத் தடையாகக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். விபத்துப் பதிவேட்டை (ஏ.ஆர்.) கட்டாயம் எழுது; கை ஓய்ந்தபின் எழுது. கொண்டுவந்து சேர்த்தவரைப் பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தாதே. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பணத்துக்கும் தயங்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் அடிபடுபவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்று 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் சொல்கிறது.

வெளியே நிற்கும் குடும்பத்தாரிடம் இரண்டு நிமிடம் நீயே போய்ப் பேசு. என்ன காயம், என்ன செய்திருக்கிறோம், அடுத்து என்ன என்று மறைக்காமல் சொல். “பார்க்கலாம்” என்ற ஒற்றைச் சொல்லோடு கதவை மூடாதே.

இன்று டூட்டிக்குப் போனதும் உட்காருவதற்கு முன் நான்கைப் பார்த்துவிடு: சக்‌ஷன் ஓடுகிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் அழுத்தம் இருக்கிறதா, லாரிஞ்சோஸ்கோப் விளக்கு எரிகிறதா, ஆம்பு பேக்கும் மாஸ்க்கும் சேர்ந்தே இருக்கின்றனவா. குறையிருந்தால் உடனே சொல்லி மாற்றி வாங்கு. அடிபட்டவர் வந்தபின் தேடுவதற்கு நேரம் இருக்காது.

அன்புடன்,
உன் மூத்த சக மருத்துவன்