கட்டம் போட்ட கோட்டை

1790களில் சென்னை வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைக் கடலோடு சேர்த்து வரைந்தார்கள். பின்பு அதைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டார்கள். பிரதிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. அதனால் ஒரு பிரதியின் கடல்நீலம் இன்னொன்றில் அப்படியே இருக்காது.

பொத்தேரியில் ஓர் ஓட்டல் சுவரில் அந்தப் படத்தை வரையும் வேலை, போர்டு எழுதும் என் அப்பாவுக்குக் கிடைத்தது. 30 செ.மீ. அகலப் படத்தில் 3 செ.மீ. கட்டம், 3 மீட்டர் சுவரில் 30 செ.மீ. கட்டம். கட்டத்துக்குக் கட்டம் பார்த்து வரைந்தார். டிராயிங்கில் அரியர் வைத்திருந்த எனக்கு 10:1 ஸ்கேல் அன்றுதான் புரிந்தது.

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். "நீ படிச்சு எனக்குச் சொல்லுவேன்னு நெனச்சேன்டா" என்று சிரித்தார்.

அரியர் தோழர்களே, கட்டம் போட்டுப் பாருங்கள்!