வெள்ளிச் சிமிழில் ஒரு பாடம்

உலோகங்கள் தகடாக விரியும் பண்பை நடத்தும்போது, வீட்டிலுள்ள குங்குமச் சிமிழும் பன்னீர்ச் செம்பும் நல்ல துணைக்கருவிகள்.

19ஆம் நூற்றாண்டில் சென்னையில் உருவான 'சுவாமி' வெள்ளிப் பாத்திரங்களைச் சான்றாகக் கூறலாம். ஆங்கிலேயர் பாணித் தேநீர்ப் பாத்திரத்தில் நம் தெய்வ உருவங்கள்! 1875-76இல் இந்தியா வந்த வேல்ஸ் இளவரசருக்கு, சென்னை பி.ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் இத்தகைய பாத்திரங்கள் பரிசளிக்கப்பட்டன.

தகட்டை உட்புறமாகத் தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்வர். பின் அரக்கு நிரப்பி, வெளிப்புறத்தில் சிற்றுளியால் நுண்கோடுகள் இடுவர். பாத்திரத்தில் நிறுவன முத்திரை இருக்கும். செய்தவர் பெயர் பெரும்பாலும் இராது. ஏன் என்று மாணவரிடம் கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்கும்.

அடுத்தது வேதியியல். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு வினைபுரிந்து கரிய வெள்ளி சல்பைடாகிறது. சாம்பலிட்டு அழுத்தித் தேய்த்தால் கறுப்புடன் வெள்ளியும் தேயும். என் பாட்டியின் சிமிழில் உள்ள அன்னத்துக்கு இப்போது கண் இல்லை.

விலையுயர்ந்த பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம்; வீட்டிலேயே உற்றுநோக்கி வரைந்துவரச் செய்வோம். பெயர் தெரியாத அக்கைவினைஞர் விட்டுச்சென்ற கையெழுத்து அந்தக் கோடுகள்தாம். அவை தேய்வதற்குள் நம் மாணவர் ஒருமுறை வாசிக்கட்டும்.