கைத்தொழிலும் இணைய வியாபாரமும்: சில மஸ்அலாக்கள்

மனிதன் உண்ணும் உணவில் மேலானது அவன் தன் கை உழைப்பால் ஈட்டியதே என்றும், அல்லாஹ்வின் நபி தாவூத் (அலை) அவர்களும் அவ்வாறே உண்டு வந்தார்கள் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் கைத்தொழில் செய்து தர்மம் கொடுத்து வந்தார்கள்.

இன்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தி. நகரிலும் நம் சகோதரிகள் சிலர், பூவேலைத் துணி, தொழுகை உடை, பின்னல் தொப்பி முதலியவற்றை வீட்டிலிருந்தபடியே செய்து கைபேசி வழியே விற்கிறார்கள். தொழில் ஹலாலானது. அதன் வருவாய் அவர்களுக்கே உரியது. குடும்பச் செலவோ கணவன் மீதே கடமை. ஆனால் வாங்குபவர் பொருளைத் தொட்டுப் பார்க்க இயலாத வியாபாரம் இது. இங்கே விற்பவரின் சொல்லே தராசு. அது சாய்ந்தால் பாடுபட்ட காசின் பரக்கத்தும் போய்விடும்.

1. செய்து வைத்துள்ள பொருள்

நேரில் பார்க்காத ஒரு குறிப்பிட்ட பொருளை வாங்குவது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி கூடாது. ஹனஃபி மத்ஹபில் கூடும். பார்த்தபின் வேண்டாமெனத் திருப்பிவிடும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆகவே அளவு, துணி, நிறம் யாவையும் தெளிவாக எழுதுவதும், பிடிக்காவிட்டால் திரும்பப் பெறுவதும் பேணுதலான வழி.

2. சொன்ன பின் செய்து தருவது

நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது அங்குள்ளோர் கனிகளுக்கு முன்பணம் கொடுத்து வந்தனர். அளவும் எடையும் தவணையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நாயகம் நிபந்தனை விதித்தார்கள். இதுவே ‘ஸலம்’. ஷாஃபிஈ மத்ஹபில் ஒப்பந்தம் பேசும் அமர்விலேயே முழுத்தொகையும் கொடுத்துவிட வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ‘இஸ்திஸ்னாஃ’ என்ற முறை உண்டு. 1992இல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, இம்முறையில் தொகையைத் தவணையாகத் தருவதும் கூடும் எனத் தீர்மானித்தது. எதுவாயினும், ‘பெருநாளுக்குள் தருகிறேன்’ என்று தாராளமாகச் சொல்லிவிட்டுப் பின்னர் கைவிரிப்பது மூமினுக்கு அழகன்று.

3. கையில் இல்லாத சரக்கு

உம்மிடம் இல்லாததை விற்காதீர் என ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) கூறினார்கள். தி. நகர்க் கடையில் கண்ட ஆடையைப் படமெடுத்துத் தன் சரக்கென விற்று, பிறகு போய் வாங்கி அனுப்புவது இந்தத் தடைக்குள் வரும். முதலில் வாங்கிக் கைவசமாக்க வேண்டும். அல்லது கடைக்காரரின் வகீலாக, கூலி பேசி விற்க வேண்டும்.

4. குறையை மறைத்தல்

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரம் கண்ட நாயகம் (ஸல்), மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என எச்சரித்தார்கள். கறையையும் தையல் பிசகையும் காட்டாத படம் அந்த ஈரக் குவியலே. இயந்திரத் தையலைக் கைத்தையல் என்பதும் அவ்வாறே. பத்தமடையில் முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறையாக நெய்யும் கோரைப்பாய் புவிசார் குறியீடு பெற்றது. வேறு பாயை அப்பெயரால் விற்பவர், வாங்குபவரோடு அந்த நெசவாளரையும் வஞ்சிக்கிறார்.

5. தனிநபரா, வியாபாரியா?

2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், தொழிலாக அன்றித் தனிப்பட்ட முறையில் எப்போதாவது விற்பவரைக் கட்டுப்படுத்தா. முறையாகத் தொடர்ந்து விற்பவர் வியாபாரியே. இணையச் சந்தையில் விற்கும் அவர் வாங்கியவரைப் போல் நடித்துத் தன் சரக்கைத் தானே புகழ்ந்து எழுதுவதையும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் அவ்விதிகள் தடுக்கின்றன. ஷரீஅத்திலோ ஒரே ஒரு தொப்பி விற்றவருக்கும் வாய்மை கடமையே.

6. ஜகாத்

விற்பனைச் சரக்கின் அன்றைய மதிப்பும் கையிருப்பும் சேர்ந்து நிஸாபை எட்டினால், சந்திர ஆண்டு நிறைவில் நூற்றுக்கு இரண்டரை வீதம் ஜகாத் கொடுக்க வேண்டும். தையல் இயந்திரம் போன்ற கருவிகளுக்கு ஜகாத் இல்லை.

ஐயம் வருமிடத்தில் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிக. வல்ல நாயன் நம் கைகளின் உழைப்பிலும் நாவின் வாய்மையிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.