சிக்னல் எட்டாத காட்டில் திறக்கும் ஆப்

கேள்வி: விதை, உரம், கூலிக் கணக்கு எழுத என் மகன் போனில் ஒரு ஆப் வைத்துக் கொடுத்தான். பிளே ஸ்டோர் பக்கமே போகவில்லை. குரோமில் ஒரு வெப்சைட்டைத் திறந்து, 'முகப்புத் திரையில் சேர்' என்று அழுத்தினான், அவ்வளவுதான். சிக்னலே எட்டாத எங்கள் கரிசல் காட்டிலும் அது திறக்கிறது, கணக்கும் எழுத முடிகிறது. நெட் இல்லாமல் வெப்சைட் எப்படி ஓடும்?
– வாசகர், மல்லாங்கிணறு

பதில்: அருமையான கேள்வி. பிரவுசர் செய்கிறவர்களே பல வருஷம் இதோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

ஐகானைச் சேர்த்ததும் மொத்த வெப்சைட்டும் போனில் இறங்கிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஐகான், பெயர், முழுத்திரைத் தோற்றம் ஆகியவற்றைத் தருவது 'மேனிஃபெஸ்ட்' என்ற சின்னக் கோப்பு. அதன் வேலை அதோடு சரி. உங்கள் மகன் ஐகானே வைக்காமல் இருந்திருந்தாலும், குரோமில் அந்த முகவரி காட்டில் திறந்திருக்கும்.

உண்மையில் உழைப்பது 'சர்வீஸ் வொர்க்கர்', அதாவது பக்கத்துக்கும் நெட்டுக்கும் நடுவில் உட்காரும் ஒரு சிறு நிரல். சிக்னல் இருந்தபோது முதல்முறை தளத்தைத் திறந்தீர்களே, அப்போதே அது பிரவுசருக்குள் வந்துவிட்டது. முதலாளி வெளியூர் போனால் கடையைப் பார்க்கும் கணக்குப்பிள்ளை மாதிரி, இருப்பில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். அந்த இருப்புக்குப் பெயர் 'கேஷ்', போனில் ஒதுக்கிய சேமிப்பு. நீங்கள் எழுதும் கூலிக் கணக்கும் போனிலேயே தங்கி, சிக்னல் வந்தபின் சர்வருக்குப் போகும்.

இதற்கு முன்பு 'ஆப் கேஷ்' என்று ஒரு முறை இருந்தது. கோப்புகளின் பட்டியலைக் கொடுத்தால் பிரவுசரே சேமித்துக்கொள்ளும். கேட்க எளிது, ஆனால் நெட் நன்றாக இருக்கும்போதும் முதலில் பழைய பக்கத்தையே நீட்டும். அந்த விதியை மாற்ற, தளம் செய்தவருக்கு வழியே இல்லை. எதைச் சேமிப்பது, எப்போது புதியதைக் கொண்டுவருவது என்ற முடிவை அவர் கையிலேயே கொடுத்ததுதான் சர்வீஸ் வொர்க்கரின் பெரிய மாற்றம். 2015 ஜனவரியில் குரோமுக்கு வந்தது; ஆப்பிளின் சஃபாரிக்கு வர 2018 மார்ச் ஆயிற்று. நடுவில் உட்காரும் நிரலை அந்நியர் யாரும் நுழைத்துவிடக் கூடாது என்பதால், 'எச்டிடிபிஎஸ்' எனும் பாதுகாப்பான இணைப்புள்ள தளங்களுக்கு மட்டுமே இந்த வசதி.

இந்தியாவில் இதன் அருமையை முதலில் காட்டியது ஃப்ளிப்கார்ட். 2015-இல் மொபைல் வெப்சைட்டை மூடி, ஆப் மட்டும் போதும் என்றவர்கள், அதே ஆண்டு நவம்பரில் இந்த முறையில் கட்டிய 'ஃப்ளிப்கார்ட் லைட்' தளத்தோடு பிரவுசருக்கே திரும்பினார்கள். சிக்னல் வந்து வந்து போகும் ஊர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். சர்வருக்குப் போகாத கணக்கு உங்கள் போனில் மட்டும்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று குரோமின் தளத் தரவை அழித்தால் அதுவும் போய்விடும். காட்டிலிருந்து ஊருக்குள் வந்ததும், சிக்னல் உள்ள இடத்தில் ஆப்பை ஒருமுறை திறந்து, கணக்கு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துவிடுங்கள்.