பட்டியலில் சிமென்ட் இல்லை



வல்லத்துக் கொல்லையில், கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவே தச்சுப்பட்டறை போடப்போகிறாய் என்று உன் அப்பா சொன்னார். நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். டேபிள் ரம்பம், பிளானர், ரூட்டர், கடைசல் மிஷின், கம்ப்ரசர். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அதில் செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை. போனில் சொன்னால் ‘சரிண்ணா, சரிண்ணா’ என்பாய். அதனால் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியது நினைவிருக்கும். ஏறிய புயல் நகரவே இல்லை. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு என் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த கைவாள், மூலைமட்டம், இழைப்புளி எல்லாம் பிழைத்துக்கொண்டன. தரையில் போல்ட் போட்டு முறுக்கியிருந்த இரண்டு மோட்டாரும் போயின. காயில் கட்டிய செலவில் பட்டறையை இரண்டடி தூக்கிக் கட்டியிருக்கலாம். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆகவே முதல் காசு பேஸ்மட்டத்துக்கு. உங்கள் மாட்டுக்கொட்டகைச் சுவரில் அந்த வெள்ளத்தின் சேற்றுக்கோடு இன்னும் தெரிகிறதா பார். தெரிந்தால், அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு அடி உன் தரை. வரப்பு உயரத்தை வைத்துக் கணக்குப் போடாதே. பிளக் பாயின்டெல்லாம் நாலடி உயரத்தில் இருக்கட்டும். வாசலில் படி வைக்காமல் சரிவு வை, மரத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறுகிற வயது உனக்கும் ஒருநாள் முடியும்.

கூரைக்குத் தகரம்தான் மலிவு. ஆனால் மார்கழி விடியலில் தகரம் வியர்க்கும். சொட்டுச் சொட்டாக உளிமேல் விழும். பொங்கலுக்குள் துரு பூத்துவிடும். நான் ஓடு போடச் சொல்வேன். சட்டத்துக்குப் பனைதான் நமக்குப் பழக்கம். நிற்கிற பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே சொல்லிவிட்டார்கள், அது நல்லதும்கூட. பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கேள். அறுபது வருடம் ஓடு சுமந்த பனஞ்சட்டம் இன்னொரு அறுபது வருடம் சுமக்கும்.

கரன்ட் விஷயம். கிணற்று மோட்டாருக்கு வருகிற இலவச மும்முனை லைனிலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வேண்டாம். பிடித்தால் அபராதம், அதோடு பயிருக்கான இணைப்பும் போகும். குடிசை, குறுந்தொழிலுக்கென்றே 3-ஏ-1 என்று கட்டண வகை இருக்கிறது, 12 கிலோவாட் வரை. உன் பட்டியலில் இருப்பது அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஆறு எச்.பி., அதாவது நாலரை கிலோவாட். தாராளமாகப் போதும். கரன்ட் கசிந்தால் லைனை வெட்டிவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று கட்டாயம். நம் பக்கம் பாறை மண், சித்திரையில் எர்த் குழி காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று. இதை எந்த எலக்ட்ரீஷியனும் உனக்குச் சொல்லமாட்டான்.

மரத்தைப் பற்றி ஒரு பழைய முட்டாள்தனம் சொல்கிறேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையெல்லாம் சாய்த்துப் போட்டது. கண்ணீரும் கம்பலையுமாக வந்த விலைக்கு விற்றார்கள். நானும் ஒரு லாரி வாங்கினேன். வாங்கி, பின்பக்கம் மண்ணிலேயே அடுக்கிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் வெள்ளை முழுவதும் கரையானுக்கு. மஞ்சள் வைரம் நின்றது, ஆனால் முனைகளில் முழ நீளத்துக்கு வெடிப்பு. அடியில் கல் வைத்து ஒன்றரை அடி தூக்கி, பலகைக்குப் பலகை ரீப்பர் கொடுத்து, வெட்டுமுனையில் பெயின்ட் அடித்து, வெயில் படாமல் காற்று மட்டும் போகிற மாதிரி அடுக்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. பொதுவாக ஒரு அங்குல கனம் காய ஒரு வருடம். பச்சை மரத்தில் கதவு செய்து கொடுத்துவிட்டு, பங்குனியில் இடுக்குத் தெரிகிறது என்று வீட்டுக்காரரிடம் திட்டு வாங்காதே. பூவரசும் வேம்பும் உங்கள் வேலியிலேயே நிற்கின்றன. கடையில் வாங்குவதற்கு முன் அவற்றை அறுத்து அடுக்கு.

மிஷின்களில் நீ எழுதாத ஒன்று இருக்கிறது. எழுதாவிட்டாலும் வாங்கிவிடுவாய் என்று தெரியும், எல்லோர் கையிலும் இருப்பதால். மார்பிள் கட்டர். கல் அறுக்கச் செய்த மிஷினில் மரத்துக்கான பல் பிளேடை மாட்டி, மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். நிமிடத்துக்குப் பதின்மூன்றாயிரம் சுற்று. பல் ஒரு கணுவில் மாட்டினால் மிஷின் உன்னைப் பார்த்து எகிறும். என் இடது கட்டைவிரலின் நுனி அப்படித்தான் போனது. அவசரம் யாருடையது என்று கேட்டால், என்னுடையதுதான்.

முதல் வருடத்துக்கு டேபிள் ரம்பம் ஒன்று போதும். மற்றதெல்லாம் கையில் செய். உளியைக் கொல்லரிடம் லாரிப் பட்டையில் அடித்து வாங்கு, கடையில் பளபளக்கிற செட் வேண்டாம். சாணை பிடிக்கும்போது 25 டிகிரி. அடிக்கடி தண்ணீரில் முக்கு, முனை நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போயிற்று என்று அர்த்தம். சாயங்காலம் விளக்கணைக்குமுன் மரத்தூளைக் கூட்டி, அலகுகளைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு கை தடவு. வீட்டில் கடலை எண்ணெய் டின் டின்னாக இருக்கிறதே என்று அதைத் தொடாதே, நாள்பட்டால் பிசுக்கேறித் தூளையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

கடன் பற்றிக் கேட்டிருந்தாய். 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம் 25 வகைத் தொழில்களுக்கு மூன்று லட்சம் வரை கடன், 25 சதவீத மானியம், அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று போகிறது. ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். உனக்கு இன்னும் பதினொரு வருடம் இருக்கிறது. ‘வயதைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற ஆளை வாசலோடு அனுப்பு. மாவட்டத் தொழில் மையத்துக்கு நீயே நேரில் போய், உன் வயதுக்கு எது பொருந்தும் என்று கேள். கடன் கிடைக்கிறதே என்று பட்டியலை நீட்டாதே.

சித்திரையில் கடைக்கால் எடுத்தால் மழைக்குள் தரை இறுகிவிடும். மட்டம் பார்க்கிற டியூப் என்னிடம் இருக்கிறது. நாளைச் சொல், எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை டேபிள் ரம்பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.